செட்டிநாட்டு வெயிலில் வீட்டு ஃப்ராஸ்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேக் குறிப்புகளில் "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று ஒரு வரி தவறாமல் வரும். அந்த அறை 20 டிகிரி செல்சியஸ் உள்ள குளிர்நாட்டு அறை. சித்திரை மாதத்துக் காரைக்குடியில் மதிய நேரத்து அடுப்படி 35 டிகிரியைத் தாண்டிவிடும். வெண்ணெய் முழுதாக உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். அந்த ஒரு வரியை நம்பி வெண்ணெயை மேடையில் எடுத்து வைத்ததால்தான் பலருக்கு, கேக்கின் மேல் பூசும் கிரீமான ஃப்ராஸ்டிங் ஓடிப்போகிறது. குறை கைப்பக்குவத்தில் இல்லை. கீழே இருக்கும் அளவுகளும் நேரங்களும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துச் சூட்டுக்கு ஏற்றபடி மாற்றியவை.

எத்தனையோ வகை ஃப்ராஸ்டிங் இருக்கிறது. எதைச் செய்வது?

கேக் எங்கே, எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் நிற்கப்போகிறது என்பதை முதலில் பாருங்கள். ருசி அதற்கு அடுத்ததுதான்.

ஏசி அறையில் வெட்டி, அரை மணியில் சாப்பிட்டுவிடுவீர்கள் என்றால் விப்பிங் கிரீம் போதும். வளவில் பந்தி நடக்கிறது, கேக் ஒரு மணி நேரம் முற்றத்து ஓரம் நிற்கும் என்றால் சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்துச் செய்யும் கனாஷ்தான் சரி. மின்விசிறிக்குக் கீழே முக்கால் மணி நேரம் தாங்கினால் போதும் என்றால் பட்டர்கிரீம். அதிலும் சித்திரை, வைகாசியில் கொஞ்சம் பேக்கரிக் கொழுப்பு சேர்த்த பட்டர்கிரீம். மார்கழி, தையில் எதைச் செய்தாலும் நிற்கும்.

சாதாரண பட்டர்கிரீமுக்குச் சரியான அளவு என்ன?

7 அங்குல வட்டக் கேக், மூன்று அடுக்கு. உள்ளே தடவி வெளியே மூட 700 கிராம் பட்டர்கிரீம் வேண்டும். மேலே பூ வைப்பதாக இருந்தால் இன்னும் 150 கிராம்.

உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், சலித்த ஐசிங் சர்க்கரை 450 கிராம், காய்ச்சி ஆறிய பால் 1 மேசைக்கரண்டி, வெனிலா 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. இது 700 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

வெண்ணெயை மட்டும் முதலில் 5 நிமிடம் பீட்டரில் அடியுங்கள். மஞ்சள் நிறம் வெளுத்து, ஏறக்குறைய தயிர் நிறத்துக்கு வரவேண்டும். இந்த 5 நிமிடத்தை விட்டுவிட்டுச் சர்க்கரையைக் கொட்டுகிறவர்களுக்குத்தான் ஃப்ராஸ்டிங் கனமாக, நாக்கில் ஒட்டுகிற மாதிரி வரும். பிறகு சர்க்கரையை மூன்று தடவையாக, குறைந்த வேகத்தில் சேருங்கள். பால் கடைசியில்தான். பாலின் அளவு நாளுக்கு நாள் மாறும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது பால் தேவையே படாமல் போகலாம்.

வெண்ணெய் சரியான பதத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விரலால் அழுத்துங்கள். பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் சறுக்கக் கூடாது. பள்ளத்தின் ஓரம் மங்கலாக இருக்க வேண்டும். ஓரத்தில் எண்ணெய் மினுக்கம் தெரிந்தால் பதம் தாண்டிவிட்டது. அந்த நிலையில் எவ்வளவு அடித்தாலும் காற்று உள்ளே தங்காது.

நம் ஊர்ச் சூட்டில் 250 கிராம் கட்டியை முழுசாக வெளியே வைத்தால் மேல்புறம் உருகிக்கொண்டிருக்கும்போதே நடு கல்லாக இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பாதாம் அளவுத் துண்டுகளாக வெட்டித் தட்டில் பரப்புங்கள். கோடையில் 10 நிமிடம், தை மாதத்தில் அரை மணி நேரம். சமையல் வெப்பமானி இருந்தால் 18 முதல் 20 டிகிரிக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்க அடிக்க பீட்டரின் உராய்விலேயே இரண்டு மூன்று டிகிரி ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடையில் உப்பு வெண்ணெய்தான் கிடைத்தது. போடலாமா?

வேண்டாம். உப்பு போட்ட மேசை வெண்ணெயில் 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம் உப்பு இருக்கும். 250 கிராமுக்கு 5 கிராம். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பைக் கிரீமில் போட்ட மாதிரி ஆகிவிடும். வேறு வழியே இல்லையென்றால் கனாஷுக்கு மாறிவிடுங்கள்.

தயிர் கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெய், நெய்?

வீட்டு வெண்ணெயின் மணத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது கடைந்த கைக்கும் கழுவிய விதத்துக்கும் ஏற்ப மாறும். கடை வெண்ணெயில் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம். வீட்டு வெண்ணெய்க்கு அந்த உறுதி இல்லை. மோர்ப் புளிப்பும் இருக்கும். போட்டே ஆகவேண்டும் என்றால் ஐஸ் தண்ணீரில் நாலைந்து முறை, கழுவிய நீர் தெளியும்வரை கழுவுங்கள். மெல்லிய துணியில் பொதிந்து ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு தட்டில் மரக்கரண்டியால் அழுத்தி அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். துளித் துளியாக முத்து கட்டுவது நின்றபிறகு எடைபோடுங்கள். அன்றே சாப்பிடும் கேக்குக்கு மட்டும்.

நெய் ஆகாது. அதில் தண்ணீரும் பால் புரதமும் போய்விட்டதால் சர்க்கரையோடு கலந்து பஞ்சு போல நிற்காது. ஆறும்போது மணல் மணலாக உறையும்.

ஐசிங் சர்க்கரையை வீட்டில் பொடிக்கலாமா?

தாராளமாக. சர்க்கரை 200 கிராமுக்குச் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) 1 மேசைக்கரண்டி. மிக்சி ஜாரில் சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. 30 விநாடி ஓட்டி, நிறுத்தி, தட்டிவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். மூன்று சுற்று. பிறகு மூடியைத் திறக்காமல் 5 நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் பாதி சர்க்கரை காற்றில் போய்விடும். மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலித்து, முழுக்க ஆறிய பிறகே வெண்ணெயில் சேருங்கள். மிக்சியில் அரைத்த சர்க்கரை கைக்குத் தெரிகிற அளவு சூடாக இருக்கும். வெண்ணெய் உருகிப் போனதற்குக் காரணம் புரியாமல் திகைக்கிறவர்கள் பலர் இந்தச் சூட்டைக் கவனிப்பதில்லை.

சலித்த பிறகும் நாக்கில் நறநறக்கிறது என்றால் வீட்டு மிக்சியில் அதற்குமேல் நைசாகாது. அடுத்த முறை கீழே சொல்லும் மாவுக் கிரீமைச் செய்யுங்கள். அதில் சர்க்கரை பாலில் கரைந்துவிடும்.

தித்திப்பு அதிகம், பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. முட்டையும் சேர்க்கக் கூடாது. என்ன செய்வது?

இதற்காகவே இருக்கிறது பால், மைதா காய்ச்சிச் செய்யும் கிரீம். ஆங்கிலக் குறிப்புகளில் எர்மைன் ஃப்ராஸ்டிங் என்று வரும். சைவ வீடுகளுக்கு இதைவிட நல்ல ஃப்ராஸ்டிங் இல்லை என்பது எங்கள் எண்ணம். இதை ஏன் நம் ஊரில் அதிகம் பேர் செய்வதில்லை என்பதுதான் வியப்பு. பாயசமும் களியும் கிண்டிப் பழகிய கைக்கு இது சுலபம்.

மைதா 40 கிராம், சர்க்கரை 200 கிராம், ஒரு சிட்டிகை உப்பு மூன்றையும் அடி கனமான பாத்திரத்தில் உலர்வாகவே கலக்குங்கள். முதலில் சர்க்கரையோடு கலப்பதால் மைதா கட்டி தட்டாது. பால் 240 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரைத்து, நடுத்தர நெருப்பில் கைவிடாமல் கிண்டுங்கள். 6, 7 நிமிடத்தில் கெட்டிப்படும். கொதி வந்து குமிழி உடைந்தபிறகு இன்னும் ஒரு நிமிடம் வைக்க வேண்டும், அப்போதுதான் மாவு வாடை போகும். கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு கணம் தெரிந்து பிறகு மூடிக்கொள்ளும் பதம். தட்டில் கொட்டிப் பரப்பி, பிளாஸ்டிக் தாளை அதன்மேல் ஒட்டினாற்போல் மூடுங்கள். இல்லாவிட்டால் ஆடை கட்டி, பிறகு கிரீமில் துணுக்குத் துணுக்காகத் தெரியும்.

இது 20 டிகிரிக்கு ஆற வேண்டும். மேடையில் வைத்தால் நம் ஊரில் 34க்குக் கீழே இறங்காது. ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பிறகு 225 கிராம் வெண்ணெயை 5 நிமிடம் அடித்து, ஆறிய மாவுக் கூழை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடியுங்கள். நடுவில் திரிந்த மாதிரி தெரியும். பயப்படாமல் இன்னும் 3 நிமிடம் அடித்தால் சேர்ந்துகொள்ளும். கிரீம் பஞ்சு போல, விப்பிங் கிரீமுக்கு நெருக்கமாக வரும். சர்க்கரை சாதாரண பட்டர்கிரீமில் பாதிகூட இல்லை.

கருப்பட்டி ஃப்ராஸ்டிங் செய்ய முடியுமா? பொடித்துப் போட்டால் நறநறவென்று இருக்கிறதே.

கருப்பட்டியை ஒருபோதும் பொடித்துப் போடாதீர்கள். அது சர்க்கரையைப் போல உலர்ந்த பொருள் அல்ல. ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். மண்ணும் தூசும் உண்டு. பாகு காய்ச்சித்தான் சேர்க்க வேண்டும்.

தட்டிய கருப்பட்டி 180 கிராம், தண்ணீர் 60 மில்லி. கரைந்ததும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். துணியில் தங்கும் கறுப்பு மணலைப் பார்த்தால் வடிகட்டச் சொல்வது ஏன் என்று தெரிந்துவிடும். வடித்ததை மறுபடி அடுப்பேற்றி ஒற்றைக் கம்பிப் பதம் வரை காய்ச்சுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு நூல் இழுபட்டு அறுந்துபோகும் பதம். அதிரசத்துக்குப் பாகு பார்க்கும் ஆச்சிமார் வீட்டில் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆனால் அதிரசப் பாகு இதைவிட முற்றியது, உருட்டுப் பதம். இங்கே அவ்வளவு போனால் ஆறியதும் மிட்டாயாக இறுகி, கிரீமில் கலக்காது.

மாவுக் கிரீமைச் சர்க்கரை இல்லாமல், பாலை 200 மில்லியாகக் குறைத்துக் காய்ச்சுங்கள். சர்க்கரை இல்லாததால் மைதாவைக் கால் டம்ளர் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். சூடான பாலில் கருப்பட்டிப் பாகை ஊற்றினால் பால் திரிந்துவிடும், ஆகவே இரண்டையும் தனித்தனியாக ஆறவிடுங்கள். 225 கிராம் வெண்ணெயை அடித்து, அதில் ஆறிய பாகை நூல் போல ஊற்றி அடித்து, அதற்குப் பிறகு மாவுக் கூழைச் சேருங்கள். கால் தேக்கரண்டி சுக்குப் பொடியும் இரண்டு ஏலக்காயும் போதும். நிறம் காபி போல வரும். கவுனி அரிசி மாவில் செய்த கேக்குக்கு இது மிகப் பொருத்தம்.

இளநீர்ச் சுவை கொடுக்க இளநீரைக் கிரீமில் ஊற்றலாமா?

தண்ணீர் சேர்ந்தால் கிரீம் பிரியும். இளநீரைக் கேக் அடுக்குகளை நனைக்கும் பாகில் சேருங்கள். வழுக்கையைப் பொடியாக நறுக்கி அடுக்குகளுக்கு நடுவே மட்டும் வையுங்கள். அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

ஃபிரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நுரைக்கவில்லையே?

நுரைக்காது. காற்றைப் பிடித்து நிறுத்தக் கொழுப்பு குறைந்தது 30 சதவீதம் வேண்டும். ஃபிரெஷ் கிரீம் என்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் 25 சதவீதம்தான். அது கனாஷுக்கும் குழம்புக்கும் நல்லது.

கேக் கடைகளில் உறைநிலையில் விற்கும் விப் டாப்பிங் வேறு பொருள். அது தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது. மூன்று மடங்கு வரை பொங்கும், வெயிலையும் பால் கிரீமைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஒரு கிலோ கேக்குக்கு 300 மில்லி போதும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்துக் கரையவிடுங்கள்; மேடையில் வைத்துக் கரைத்தால் சரியாக நிற்காது. அடிக்கும்போது உள்ளே நுண்ணிய ஐஸ் துகள்கள் இல்லாமல், ஆனால் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். பாத்திரத்தையும் பீட்டர் கம்பிகளையும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கோடையில் பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் கட்டி போட்ட அகலமான சட்டி ஒன்றும் வேண்டும். முழு வேகம் வேண்டாம், நடுத்தர வேகம். கம்பியைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும்போதே நிறுத்துங்கள். ஸ்பேட்டுலாவால் தடவும்போதும் பையில் பிழியும்போதும் அது இன்னும் கெட்டியாகும்.

சொரசொரப்பாக, ஓட்டை ஓட்டையாக ஆகிவிட்டால் அடித்தது கூடிவிட்டது. அடிக்காத குளிர்ந்த கிரீம் 2, 3 மேசைக்கரண்டி ஊற்றிக் கையாலேயே மெதுவாகக் கலந்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். கரைந்ததை மறுபடி உறையவைக்காதீர்கள்.

முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் பட்டர்கிரீம் பாதுகாப்பானதா?

வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்து 71 டிகிரியைத் தொட்டால் பாதுகாப்பானது. வெப்பமானி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். வெள்ளைக்கரு 120 கிராம், சர்க்கரை 240 கிராம், வெண்ணெய் 350 கிராம். நாட்டுக்கோழி முட்டை சிறியது. எண்ணிக்கையை நம்பாமல் எடை போடுங்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கலக்கி 71க்குக் கொண்டுவந்து, பீட்டரில் அடித்து, பாத்திரத்தின் வெளிப்புறம் ஆறியபிறகே வெண்ணெய். துளி மஞ்சள்கருவோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரையே எழாது.

கனாஷ் அளவு எல்லாக் குறிப்பிலும் ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கிறது. இங்கே இறுகவே இல்லை.

ஒன்றுக்கு ஒன்று குளிர் ஊர்களுக்கு. கேக்கை மூட, கறுப்புச் சாக்லேட் என்றால் 400 கிராமுக்குக் கிரீம் 200 மில்லி. வெள்ளைச் சாக்லேட் என்றால் 450 கிராமுக்கு 150 மில்லி. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். கோடையில், கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் கூடுதலாகத் தாங்கும். ருசியில் அசல் சாக்லேட்டுக்கு ஈடில்லை என்றாலும், திறந்த முற்றத்தில் நிற்கும் கேக்குக்கு நாங்கள் அதையே சொல்வோம்.

கிரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, 3 நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து கலக்குங்கள். மூடி 5, 6 மணி நேரம் விட்டால் தடவும் பதம் வரும். எண்ணெய் பிரிந்து மினுங்கினால் வெதுவெதுப்பான பால் 1 தேக்கரண்டி ஊற்றிக் கலக்குங்கள், கூடிக்கொள்ளும்.

பட்டர்கிரீம் ஓடுகிறது / திரிகிறது / ஓட்டையாக இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

முடியும், கொட்டிவிடாதீர்கள். ஓடினால் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வைத்து மறுபடி அடியுங்கள். சர்க்கரையை மேலும் மேலும் கொட்டிக் கெட்டிப்படுத்தப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. சூட்டினால் இளகியதைச் சர்க்கரை சரிசெய்யாது.

திரிந்தது போல, மோர் மாதிரி நீர் பிரிந்தால் வெண்ணெய் ரொம்பக் குளிர்ந்திருக்கிறது. கால் கப் கிரீமை எடுத்து உருக்கி, அடித்துக்கொண்டே திரும்ப ஊற்றுங்கள். ஓட்டைகளுக்கு, கடைசி 2 நிமிடம் பீட்டரை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, பிறகு ஸ்பேட்டுலாவால் பாத்திரச் சுவரில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அழுத்துங்கள். காற்றுக் குமிழி உடையும் சத்தம் கேட்கும்.

கோடைக்குப் பேக்கரிக் கொழுப்பு எவ்வளவு சேர்ப்பது? டால்டா ஆகுமா?

வெண்ணெயில் கால் பங்கு. 250 கிராம் என்றால் வெண்ணெய் 190, கொழுப்பு 60. அதைத் தாண்டினால் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். வனஸ்பதி துகள் துகளாக உறைந்திருப்பதால் கிரீம் நைசாக வராது. ஐசிங்குக்கென்று விற்கும் மணமில்லாத வெள்ளைக் கொழுப்பை வாங்குங்கள். 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டப்பாவின் பின்புறம் அதைப் பார்த்து வாங்குங்கள்.

கேக்கின் மேல் தடவும்போது தூள் தூளாகக் கிரீமில் ஒட்டுகிறது. கடை கேக் போல வழவழப்பு வரவில்லை.

செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்தப் பூச்சை. ஒரே பூச்சில் வந்த வழவழப்பு இல்லை அது. முதலில் முரட்டுப் பூச்சு, அது இறுகியபின் அடுத்தது, கடைசியில் மெழுகுவது. கேக்குக்கும் முறை அதுவே.

கேக்கை முதல் நாளே சுட்டு, ஆறியதும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த கேக் தூள் உதிர்க்காது; தடவும் கிரீமையும் உருக்காது. மேடாக எழும்பிய தலையை ரம்பக் கத்தியால் சீவுங்கள். கேக் போர்டில் ஒரு கரண்டி கிரீம் தடவி முதல் அடுக்கை ஒட்டுங்கள், நகராது. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே 100 கிராம், எடை போட்டே வையுங்கள். கேக் சாய்வதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த நடுக் கிரீம் சமமாக இல்லாததுதான்.

பிறகு 150 கிராம் கிரீமைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, கேக் நிறம் தெரிகிற அளவு மெல்லிதாக முழுக்க இழுத்துவிடுங்கள். இதுதான் தூளைச் சிறைப்படுத்தும் பூச்சு. தூள் ஒட்டிய ஸ்பேட்டுலா நல்ல கிரீம் பாத்திரத்துக்குள் போகவே கூடாது. ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் மீதியை எல்லாம் தாராளமாகப் பூசுங்கள். வேண்டியதைவிடக் கூடுதலாகப் பூசி வழித்தெடுப்பதுதான் முறை. கொஞ்சமாகப் பூசிச் சேர்த்துக்கொண்டே போனால் திட்டுத் திட்டாக வரும்.

கிரீமை வழிக்கும் தட்டைத் தகடுதான் ஸ்கிரேப்பர்; கேக்கை வைத்துச் சுற்றும் மேடை டர்ன்டேபிள். ஸ்கிரேப்பரின் அடி ஓரம் டர்ன்டேபிளைத் தொட்டபடி, முகம் கேக்கோடு 45 டிகிரி சாய்ந்தபடி இருக்கட்டும். அந்தக் கையை அசைக்காதீர்கள். மறு கையால் டர்ன்டேபிளை ஒரே இழுப்பில் முழுச் சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்கிரேப்பரைத் துடையுங்கள். மேல் விளிம்பில் எழும்பி நிற்கும் கிரீமை வெளியிலிருந்து நடுவை நோக்கி இழுத்துவிட்டால் விளிம்பு கூர்மையாக நிற்கும். கடைசிச் சுற்றுக்கு மட்டும் வெந்நீரில் தோய்த்து, நன்றாகத் துடைத்த ஸ்கிரேப்பர்.

பையில் பிழியும்போது பாதியிலேயே பூ தளர்ந்துவிடுகிறது.

கைச்சூடு. நம் உள்ளங்கை 33 டிகிரிக்குமேல் இருக்கும், வெண்ணெய் உருகும் சூடு அது. பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்புங்கள். இரண்டு பை வைத்துக்கொண்டு ஒன்று ஃப்ரிட்ஜில், ஒன்று கையில் என்று மாற்றுங்கள். ரோஜா இதழுக்கு 104ஆம் எண் நாசில் (பை முனையில் பொருத்தும் குழல்), கெட்டியான கிரீம். சுழல் பூவுக்கு 1எம்.

கொட்டான் (ஓலைக் கூடை) பின்னல் போல ஓரம் போட முடியுமா?

47ஆம் எண் தட்டை நாசில் வாங்குங்கள். கேக் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதன்மேல் குறுக்கே சிறு பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே ஒரு பட்டை அகலம் இடைவெளி. பட்டைகளின் வலப்பக்க முனைகளை மூடியபடி அடுத்த நெடுக்குக் கோடு. இப்போது முன்பு விட்ட இடைவெளிகளிலிருந்து குறுக்குப் பட்டைகள். ஓலை மேலும் கீழுமாகப் போகிற தோற்றம் மூன்றாவது கோட்டிலேயே தெரிந்துவிடும். கிரீம் 300 கிராம் கூடுதலாகப் பிடிக்கும்.

தமிழில் எழுதினால் எழுத்து கூழாகிவிடுகிறது.

தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ழ, ணி, றி எல்லாம் உள்வட்டம் உள்ளவை. எழுத்தின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் வட்டம் அடைத்துக்கொள்ளும். 2 அல்லது 3ஆம் எண் வட்ட நாசில், பற்பசை பதத்துக் கிரீம்.

"பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று எழுதுவதாக வையுங்கள். இரண்டு சொல்லுக்கும் ஆறு ஆறு எழுத்து. நா, வா இரண்டிலும் கால் இருப்பதால் வரிக்கு ஏழு இடம் வேண்டும். 7 அங்குலக் கேக்கில் ஓரம் விட்டால் ஒவ்வொரு வரிக்கும் 12 சென்டிமீட்டர்தான் கிடைக்கும், அதாவது ஓர் இடத்துக்கு 1.7. இரண்டு வரியாகப் பிரித்தால் அழகாக உட்காரும். ஒரே வரியில் எழுதத் தொடங்கினால் "வாழ்" என்பதோடு கேக் முடிந்துவிடும். பட்டர் தாளில் அதே அளவு வட்டம் வரைந்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். பிறகு குளிர்ந்த கேக்கின் மேல் பல்குச்சியால் புள்ளி வைத்து இடம் குறித்துக்கொள்ளுங்கள். மெய்யெழுத்துப் புள்ளிகளைக் கடைசியில் மொத்தமாக வையுங்கள்: ந், ள், ழ், த், ள், ஐந்து புள்ளி. எண்ணி வைத்தால் விட்டுப்போகாது. "க்" சேர்க்காமல் "வாழ்த்துகள்" என்று எழுதுங்கள், அதுவே சரி, இடமும் மிச்சம்.

அறுபதாம் கல்யாணமான சாந்தி கல்யாணக் கேக்கில் பெயர்களும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். அதற்கு 10 அங்குலத்துக்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நிறம்?

தண்ணீர்க் கலர் வேண்டாம், ஜெல் கலர். 100 கிராமுக்குப் பல்குச்சி முனையில் தொடங்குங்கள். அரக்கும் கறுப்பும் நேரமாக ஆகக் கருக்கும். இளநிறத்தில் நிறுத்தி இரவு முழுக்க விடுங்கள். வெண்ணெயின் மஞ்சளால் நீலம் பச்சையாகத் தெரிந்தால், முதலிலேயே ஊதா ஜெல்லைத் துளியிலும் துளி சேர்த்து மஞ்சளை அடக்குங்கள். செயற்கை வண்ணத்துக்கு உணவுச் சட்டத்தின் உச்ச வரம்பு ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம். அடர் நிறம் வேண்டுமென்றால் கேக் முழுக்கப் பூசாமல் பூவில் மட்டும் வையுங்கள். சங்குப்பூ நீலம் வெண்ணெயில் கரையாது. மாவுக் கிரீமுக்குக் காய்ச்சும் பாலில் பூவை ஊறவைத்து வடித்தால் இறங்கும். சாக்லேட்டுக்கு எண்ணெய்க் கலர் மட்டும், ஜெல் பட்டால் கட்டிதட்டிவிடும்.

காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கேக் எடுத்துப்போக வேண்டும்.

இரண்டு மணி நேரப் பயணத்துக்கு, அலங்கரித்த கேக்கைக் குறைந்தது 5 மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். போர்டு பெட்டிக்குள் நகராதபடி அடியில் ஒட்டுங்கள். காரில் இருக்கையில் வைக்காதீர்கள், அது பின்பக்கம் சாய்ந்தது. மடியும் வேண்டாம், உடம்புச் சூடு. முன் இருக்கையின் கால் வைக்கும் தரையில், ஏசி காற்று படும்படி. இறங்கியதும் பெட்டியை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த கேக்கின் மேல் வெளிக்காற்று பட்டதும் வியர்த்து, நிறம் வடியும். வெட்டுவதற்கு 20 நிமிடம் முன் திறந்தால் போதும்.

பால் கிரீம் கேக் 32 டிகிரிக்குமேல் உள்ள இடத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் நிற்கக் கூடாது. உருகாமல் இருந்தாலும் கூடாது. குழந்தைகள் சாப்பிடுவது.

மீந்த கிரீமை எத்தனை நாள் வைக்கலாம்?

பட்டர்கிரீம் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், ஃப்ரீசரில் இரண்டு மாதம். மாவுக் கிரீம் மூன்று நாள். விப்பிங் கிரீம் மறுநாளைக்குள். வெண்ணெய் எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அரைத்த மசாலாவும் உரித்த பூண்டும் இருக்கும் ஃப்ரிட்ஜில் கிண்ணத்தைத் தட்டால் மூடி வைத்தால் மறுநாள் கிரீம் பூண்டு வாசமடிக்கும். இறுக மூடும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வையுங்கள். எடுத்ததும் அப்படியே தடவாதீர்கள். மேலே சொன்ன விரல் பதத்துக்கு வந்தபிறகு 2 நிமிடம் அடித்தால் பழையபடி பஞ்சாகிவிடும்.